அண்ணன் மனநல மருத்துவரிடம் வர மறுக்கிறார்: சிகிச்சையை எந்த வரிசையில் தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம் இது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் அண்ணனுக்கு வயது 43. எட்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிறார். வீட்டில் எதற்கெடுத்தாலும் கோபம். தினமும் இரவு ஒரு குவார்ட்டர். நெஞ்சை அழுத்துகிறது என்று இரண்டு முறை ஈசிஜி, ஒரு முறை எக்கோ எடுத்தாயிற்று. இதயத்தில் குறை எதுவும் இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் எழுதிக்கொடுத்த அல்பிரசோலாம் 0.5 மில்லிகிராம் மாத்திரையை ஐந்து மாதமாகப் போட்டுத்தான் தூங்குகிறார். மனநல மருத்துவர் என்றாலே "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்கிறார். தம்பியாக நான் என்ன செய்வது?

ஆளைப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எந்த மனநல மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது மனச்சோர்வு நோய்தான். மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழுகிறவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். ஆண்களிடம் அது பெரும்பாலும் அந்த உருவத்தில் வருவதில்லை. எரிச்சலாக வரும், குடியாக வரும், இடுப்புவலி, நெஞ்சழுத்தம், வயிற்றுக் கோளாறு என்று உடம்பு வழியாக வரும், வீட்டுக்கே வராமல் வேலையில் மூழ்கிக் கிடப்பதாகவும் வரும். அதனால்தான் ஈசிஜி எடுக்கிற இடத்துக்கு இரண்டு தடவை போன மனிதர் சரியான இடத்துக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. வழக்கமான நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பு வருவதும், காலையில் மனம் மிகக் கனமாக இருந்து மாலையில் கொஞ்சம் லேசாவதும் இந்த நோயின் முக்கிய அடையாளங்கள். காலையில் அவர் எப்படி இருக்கிறார், மாலையில் எப்படி இருக்கிறார் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

நோய் என்று சொல்வதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. சோர்ந்த மனநிலை, எதிலும் நாட்டமின்மை, தூக்கம், பசி, களைப்பு, கவனக்குறைவு, குற்ற உணர்வு, உடல் மந்தம் அல்லது பரபரப்பு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகிய ஒன்பதில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் விடாமல் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் இந்த ஒன்பதையும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுக் கேட்கிறது. மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இருபதோ அதற்கு மேலோ வந்தால் கடுமை. அது தமிழிலும் கிடைக்கிறது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சாவைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்த எண் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

அந்த ஒன்பதாவது கேள்வியை முதலில் நீங்களே கேட்டுவிடுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். தூக்கமின்மை, தினக்குடி, நடுவயது மூன்றும் சேர்ந்த ஒருவரிடம் இதைக் கேட்காமல் விடக் கூடாது. "இல்லாததை நாமே ஞாபகப்படுத்திவிடுவோமோ" என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே இருந்தால், யாரோ கேட்டார்களே என்று பாரம் குறையும். சுற்றி வளைக்காமல், குடிக்காத நேரத்தில், இருவர் மட்டும் இருக்கும்போது கேளுங்கள்: "அண்ணா, இப்படி இருக்கறதுக்குச் செத்துப்போயிரலாம்னு எப்பவாச்சும் தோணுதுங்களா?" ஆமாம் என்றால் அடுத்து, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். திட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். மாத்திரைகளை உங்கள் கையில் வைத்து ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் கொடுங்கள். அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையிலுள்ள சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மறைக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

அந்த ஆபத்து இல்லை என்றால், இனி எல்லாமே வரிசையைப் பொறுத்தது. ஆண்களுக்கான மனநல சிகிச்சை தோற்கிற இடங்களில் பெரும்பாலும் மருந்து தவறாக இருப்பதில்லை, வரிசை தவறியிருக்கும். குடியை அப்படியே வைத்துக்கொண்டு மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்குவார்கள். அல்லது குடியையும் தூக்க மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் வலிப்போடு ஓடுவார்கள்.

முதலில் அவரைக் கிளம்பவைக்க வேண்டும். பொய் சொல்லி அழைத்துப்போகாதீர்கள். உள்ளே போனதும் பெயர்ப்பலகையைப் பார்ப்பார், அத்தோடு உங்களையும் நம்ப மாட்டார். அவர் எதை ஏற்கெனவே தொல்லை என்று ஒப்புக்கொள்கிறாரோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தூக்கம் இல்லை, மாத்திரை இல்லாமல் இருக்க முடியவில்லை. "இந்த மாத்திரையைப் பக்குவமா நிறுத்திவிடத் தெரிஞ்ச டாக்டர் இவர்தானுங்கண்ணா" என்பது உண்மையும்கூட. சண்டை நடந்த இரவில் பேசாதீர்கள், அம்மா அழுதுகொண்டிருக்கும்போது பேசாதீர்கள், குடித்த பிறகு பேசவே பேசாதீர்கள். ஷிப்மெண்ட் நெருக்கடி முடிந்த வாரத்தில் ஒரு காலைப்பொழுது பாருங்கள். இன்ன தேதி, இத்தனை மணி, நானும் வருகிறேன், ஒரே ஒரு தடவை என்று கேளுங்கள். "ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணுமா" என்ற பயம்தான் "பைத்தியமா" என்ற கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அதற்குரிய பதிலைக் கீழே சொல்கிறேன்.

யாரிடம் போவது? மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் எம்டி, டிஎன்பி அல்லது டிபிஎம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் எம்ஃபில் அளவில் பயிற்சி பெற்று இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் வைத்திருப்பவர். பேச்சுவழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். கவுன்சிலர் என்ற பலகையை மூன்று மாதச் சான்றிதழோடுகூட மாட்டிக்கொள்ள முடிகிறது. பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். உங்கள் அண்ணன் விஷயத்தில் குடியும் அல்பிரசோலாமும் இருப்பதால் முதல் கதவு மனநல மருத்துவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்ட மருத்துவமனைகளுக்கும் குறித்த நாட்களில் வருகிறார்கள். ஆலோசனையும் மருந்தும் இலவசம். கம்பெனியில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் அந்த வழியும் திறந்தே இருக்கிறது. மருத்துவச் சான்றோடு விடுப்பு எடுத்தால், சந்தா நாட்கள் நிறைந்திருக்கும் பட்சத்தில், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். "வேலைக்குப் போகாம எப்படி" என்று அவர் கேட்டால் இது கைகொடுக்கும்.

முதல் சந்திப்புக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்குப் படுக்கிறார், எழுகிறார், எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், என்ன மாத்திரை, எத்தனை நாளாக, குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ தற்கொலையோ உண்டா. இன்னொன்று, மிக முக்கியமானது: இதற்கு முன் எப்போதாவது நாலைந்து நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கடன் வாங்கிச் செலவழித்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசித் திரிந்த காலம் இருந்ததா? இருந்தால் அது இருமுனை மனநோயாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் அந்த மிகை உற்சாகத்தின் பக்கம் தூக்கி எறிந்துவிடலாம். அவரே இதைச் சொல்ல மாட்டார், அது அவருக்கு நோயாகத் தோன்றியிருக்காது. கூடப் பிறந்தவர்தான் சொல்ல வேண்டும்.

இரத்தப் பரிசோதனை பெரிய பட்டியல் இல்லை. தைராய்டுக்கு டிஎஸ்எச், ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை, வைட்டமின் பி12, கல்லீரல், சோடியம். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் மனச்சோர்வைப் போலவே இருக்கும். சர்க்கரைக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் பி12 குறைவது சகஜம். உரக்கக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று அண்ணியிடம் கேளுங்கள். உறக்க மூச்சுத்தடை இருந்தால் குடியும் தூக்க மாத்திரையும் அதை மோசமாக்கும், பகல் முழுக்க எரிச்சலும் அதனாலேயே வரும்.

இனி குடி. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் சாராயம் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம், அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆறு அளவு, தினமும். "ஒரு குவார்ட்டர்தானே" என்ற பேச்சு இந்தக் கணக்கின் முன் நிற்காது. சாராயம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தை உடைக்கும். விடிகாலை விழிப்புக்கு அதுவும் ஒரு காரணம். குடியால் வரும் மனச்சோர்வு குடியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே தணிவதுண்டு. நான்கு வாரம் தாண்டியும் தணியாவிட்டால் அது தனி நோய். அதற்குரிய மருந்து வேண்டும். கடுமையாக இருந்தாலோ, முன்பே ஒரு முறை வந்திருந்தாலோ மருத்துவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

ஆனால் வீட்டிலேயே "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று திடீரென நிறுத்துவது ஆபத்து. தினமும் குடிப்பவருக்கு ஆறு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாததைப் பார்ப்பது, ஆள் தெரியாமல் பிதற்றுவது என்று முற்றலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை. அல்பிரசோலாமையும் சேர்த்து நிறுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று கூட்டும். ஆகவே மருத்துவர் மேற்பார்வையில், தேவைப்பட்டால் ஒரு வாரம் உள்நோயாளியாக வைத்து, டயசெபாம் வகை மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம். கூடவே தயமின், அதாவது பி1 ஊசி. களைத்துக் கிடக்கிறாரே என்று தெருமுனைக் கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொள்ள விடாதீர்கள். தயமின் வற்றிய உடம்பில் குளுக்கோஸ் ஏறினால் இருப்பதும் தீர்ந்து மூளை பாதிக்கப்படும். முதலில் தயமின், பிறகே குளுக்கோஸ்.

"குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்யும் பொடிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இப்படிக் கலக்கப்படக்கூடிய டைசல்ஃபிராம் என்ற மாத்திரை சாராயத்தோடு சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பலவீனமானவரைக் கொன்றும்விடும். அதை நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, கடைசிக் குடிக்கு 12 மணி நேரமாவது கழித்துத்தான் தொடங்க வேண்டும். நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். தெரியாமல் கலப்பது குற்றம், கொலைக்குச் சமமாகவும் முடியலாம். வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்பிரோசேட் என்று வேறு மாத்திரைகள் இருக்கின்றன. முன்னதற்குக் கல்லீரலையும் பின்னதற்குச் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டுத் தொடங்குவார்கள்.

அல்பிரசோலாம் போன்ற மாத்திரைகள் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாதவை. உங்கள் அண்ணனுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை குறைப்பதுதான் முறை. கடைசித் துண்டைக் குறைப்பதுதான் கடினம், அங்கே அவசரம் கூடாது. சாராயத்தோடு சேர்த்துப் போட்டால் தூக்கத்தில் மூச்சே அடங்கிவிடக்கூடும் என்பதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள்.

மனச்சோர்வு மாத்திரைக்கு வருவோம். வழக்கமாக முதலில் எழுதுவது எஸ்சிட்டலோபிராம் அல்லது செர்ட்ராலின். எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் 10 ஆக்குவார்கள், உச்சம் 20. செர்ட்ராலின் 25 அல்லது 50இல் தொடங்கும், 200 வரை போகலாம். முதல் வாரம் குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பு அதிகமாகும். பலன் இரண்டாம் வாரத்தில் மெல்லத் தலைகாட்டி, நான்கு முதல் ஆறு வாரத்தில்தான் முழுதாகத் தெரியும். முதலில் தூக்கமும் பசியும் திரும்பும், மனசு அதற்குப் பிறகுதான் வரும். இந்த இடைவெளியில்தான் பலர் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். வலிக்கு டிராமடால் எழுதினால் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேரக் கூடாது. இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக் அடிக்கடி போட்டால் வயிற்றில் இரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும்.

சீட்டை வாங்கியதும் ஒன்றைப் பாருங்கள். எஸ்சிட்டலோபிராம் 10, குளோனசெபாம் 0.5 இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே மாத்திரை இங்கே வெகு பரவலாக எழுதப்படுகிறது. குளோனசெபாமும் அல்பிரசோலாமின் குடும்பம்தான். சில வாரத்தில் நிறுத்த வேண்டியது. ஒரே மாத்திரைக்குள் இருந்தால் அதை மட்டும் குறைக்க வழியில்லை, ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். "இரண்டையும் தனித்தனியா எழுதித் தர முடியுங்களா?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆண்கள் மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்துவதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தம்பியிடம் அண்ணன் அதைச் சொல்லப் போவதில்லை. இந்த வகை மாத்திரைகள் பலருக்கு உடலுறவில் நாட்டத்தைக் குறைக்கும், விந்து வெளிப்படுவதைத் தாமதப்படுத்தும். விந்து முந்துகிறவர்களுக்கு இதையே மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. மாத்திரை தொடங்கும் அன்றே இதைச் சொல்லிவிட வேண்டியது மருத்துவரின் கடமை. அவர் சொல்லாவிட்டால் அண்ணனைத் தனியே உள்ளே அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மாத்திரையை மாற்றலாம். மிர்டசபின் இந்தத் தொல்லை குறைவானது, தூக்கமும் தரும்; எடையைக் கூட்டும். புப்ரோபியான் இதற்கு நல்ல மாற்றுதான், ஆனால் குடியையோ தூக்க மாத்திரையையோ நிறுத்திக்கொண்டிருக்கும்போது கொடுத்தால் வலிப்பு வரலாம். அண்ணனுக்கு இப்போது ஆகாது. நாட்டக் குறைவுக்கு மனச்சோர்வும் குடியும் சர்க்கரையுமே காரணமாக இருக்கலாம் என்பதால், மாத்திரைக்கு முன்பே எப்படி இருந்தது என்று குறித்துவைப்பது பிறகு வீண்பழியைத் தவிர்க்கும்.

இந்தக் கூச்சத்தைக் காசாக்குகிறவர்கள் லாட்ஜில் அறை போட்டு மாதம் ஒரு நாள் வரும் வைத்தியர்கள். "இளமையில் செய்த தவறு", "நரம்புத் தளர்ச்சி", "தாது நஷ்டம்" என்று பயமுறுத்தி ஆயிரக்கணக்கில் லேகியம் விற்கிறார்கள். விந்து போவதால் உடம்பு உருகும் என்ற பயத்தோடு வரும் இந்த நிலைக்கு மருத்துவர் என். என். விக் 1960இல் தாது நோய்க்குறி என்றே பெயரிட்டார். விந்து வெளியேறுவதால் எந்த நரம்பும் தளராது. அந்தக் களைப்புக்கும் பயத்துக்கும் பின்னால் பெரும்பாலும் இருப்பது பதற்ற நோயோ மனச்சோர்வோதான். அதைச் சிகிச்சை செய்தால் தாது பயமும் தணிகிறது.

மாத்திரையோடு பேச்சுவழிச் சிகிச்சையும் சேர்ந்தால் நோய் திரும்பி வருவது குறையும். வாரம் ஒன்றாக எட்டு முதல் பதினாறு அமர்வுகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். பேசப் பிடிக்காத ஆண்களுக்கு ஏற்றது செயல்வழி முறை. மனசு சரியான பிறகு வேலையைத் தொடங்குவது என்றில்லாமல், சிறு வேலைகளை நேரம் குறித்துச் செய்யச் செய்ய மனசு பின்னால் வரும் என்பது அதன் அடிப்படை. காலை ஆறரைக்கு இருபது நிமிட நடை, செவ்வாய்க்கிழமை பழைய கூட்டாளி ஒருவரைப் பார்ப்பது, இப்படி. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களைக் கொண்டே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதைக் கொடுத்துப் பலன் கண்டது. குடிக்கும் ஆண்களுக்கென்றும் அதுபோல ஒரு முறையை உருவாக்கியது.

எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்ற அந்தக் கேள்வி. முதல் முறை வந்த நோய்க்கு, முழுக்கக் குணமான நாளிலிருந்து ஆறு முதல் ஒன்பது மாதம், சில நேரம் ஓராண்டு. ஆயுசுக்கும் இல்லை. மூன்றாம் முறை வந்தவர்களுக்குத்தான் நீண்ட காலம். நிறுத்தும்போதும் சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் மண்டைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வரும். அது போதைப் பழக்கம் இல்லை, உடம்பு சரிசெய்துகொள்ளும் நேரம். பண்டிகைச் சமயத்திலும் ஷிப்மெண்ட் நேரத்திலும் குறைக்கத் தொடங்க வேண்டாம்.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கச் சொல்லி யாராவது வேன் அனுப்பத் தயாராக இருந்தால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றை முதலில் கேளுங்கள். மனநல மருத்துவர் அங்கே வருகிறாரா, குடும்பத்தார் பார்க்கலாமா, எழுத்துமூலச் சம்மதம் வாங்குகிறார்களா என்று பாருங்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடைசெய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து போன பிறகும் இதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டில் மருத்துவக் காப்பீடு இருந்தால், உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. உள்நோயாளியாகச் சேர்த்தால் கோரிக்கை வைக்கத் தயங்காதீர்கள்.

முதல் சந்திப்பு முடிந்ததும் இரண்டு வாரத்தில் மறுசந்திப்புக்குத் தேதி வாங்கிவிட்டு வெளியே வாருங்கள். பிறகு ஆறாம் வாரம். அப்போது பிஎச்க்யூ-9ஐ மறுபடி போட்டுப் பாருங்கள்; மதிப்பெண் பாதியாகக் குறையவில்லை என்றால் அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ கேட்க வேண்டிய நேரம் அது. குணமான பிறகும் அண்ணியிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: அண்ணன் மறுபடியும் தொடர்ந்து நாலைந்து நாள் மூன்று மணிக்கே எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தால், கோபமும் குடியும் திரும்பி வரும்வரை காத்திருக்காமல் உங்களுக்குப் போன் செய்யட்டும்.